பதினஞ்சு நாளைக்கு மட்டும்

எங்க ஊர்ல மூணு வருஷம், பயந்தவுக கை நடுங்கல, அவுக வீட்டுப் பாத்திரம் நடுங்குச்சு. கேட்டுச் சிரிக்கிறவுக சிரிச்சுக்கோங்க, எனக்குக் கோவமில்ல, எங்க ஊரு நத்தப்பொட்டல்ல நாங்களே அதைச் சொல்லிச் சிரிச்சிருக்கோம். நான் மெடிக்கல் கடைக்காரன், பேரு வேலுச்சாமி. பொய் சொல்லி எனக்கு ஆகப்போறது ஒண்ணுமில்ல, உண்மையைச் சொல்லாமத்தான் நான் கெட்டேன். அதனால முதல்ல இருந்தே சொல்லுறேன்.

தை கழிஞ்சு ஒரு புதன்கிழமை காலையில, எங்க ஊருக்குக் கிழக்க இருந்த பட்டாசு ஆபீஸ்ல, பட்டாசு செய்யற ஆலையை நாங்க அப்படித்தான் சொல்வோம், பதினாலாம் நம்பர் ஷெட்டு வெடிச்சுச்சு. நாலு பேர் உக்கார வேண்டிய அறையில பன்னெண்டு பேரை உக்கார வச்சிருந்தாக. பதினோரு பேர் போயிட்டாக. பன்னெண்டாவது ஆளு எங்கக்கா சீனித்தாய். தண்ணி குடிக்க வெளிய வந்த அக்காகிட்ட, பக்கத்துல உக்காந்து திரி வச்சுக்கிட்டிருந்த ராக்கு, "எனக்கும் ஒரு செம்பு கொண்டா"ன்னு சொல்லி விட்டிருக்கா. அக்கா செம்புல தண்ணி மோந்து திரும்பி நடக்கையில ஷெட்டு இல்ல, சுவர் இல்ல, ராக்கு இல்ல, கையில செம்பு மட்டும் இருந்துச்சு. அன்னைக்குத் தொடங்கின நடுக்கம் அக்கா கையை விட்டு இறங்கவே இல்ல.

அக்கா கை மட்டுமா நடுங்குச்சு, ஊர்ப் பொம்பளைக கை பாதிக்கு மேல நடுங்குச்சு. சோத்தைப் பிசைய முடியல, பிள்ளைக்குப் பொட்டு வைக்க முடியல, கதவு அடிச்சாக் கூட எந்திரிச்சு ஓடுனாக. இந்த லட்சணத்துல ரெண்டு மாசத்துல ஆபீஸைத் திரும்பத் திறந்துட்டாக. போர்மேன் தவசி வாசல்லயே நின்னுக்கிட்டு, ஒவ்வொருத்தி கையிலயும் தளும்பத் தளும்பத் தண்ணி ஊத்துன தம்ளரைக் குடுத்து, நூறு எண்ணுவான். ஒரு சொட்டு சிந்துனா வீட்டுக்குப் போ. வெடிமருந்து செலுத்துற கை ஆடக்கூடாது, அது நியாயந்தான், அவனைக் குத்தம் சொல்லல. அக்காவை ஒன்பது நாள் திருப்பி அனுப்புனான். புருஷன் இல்லாத பொம்பளை, என்னையும் படிக்க வச்சு ஆளாக்குன பொம்பளை, ஒன்பது நாளும் சேலை முந்தி நனைஞ்சு திரும்பி வந்துச்சு.

அப்பத்தான் பள்ளிக்கூடத்துல முகாம் போட்டாக. டவுன்ல இருந்து ஒரு டாக்டரம்மா வந்தாக, பேரு கோமதி, வயசு முப்பதுக்குள்ள இருக்கும். ஒவ்வொருத்தி கையையும் தன் ரெண்டு கைக்குள்ள வச்சுக்கிட்டு, எல்லாக் கதையும் கேட்டுட்டு, ஒரு சின்ன வெள்ளை மாத்திரை எழுதிக் குடுத்தாக. காலையில ஒண்ணு, பதினஞ்சு நாளைக்கு மட்டும். சாயங்காலம் என் கடைக்கே வந்து தனியாச் சொன்னாக: இந்த மாத்திரை நல்ல மாத்திரைதான், ஆனா ரொம்ப நாள் போனா உடம்பு இதையே கேட்க ஆரம்பிச்சிரும், அப்புறம் இது இல்லாம உடம்பு நிக்காது, புதுச் சீட்டு இல்லாம யார் கேட்டாலும் குடுக்காதீங்க, முடிஞ்சதும் என்கிட்ட வரச் சொல்லுங்க. நான் தலையை ஆட்டுனேன். ஆட்டுறதுக்கு என்ன, எல்லாரும் ஆட்டுவோம்.

முதல் மாத்திரை போட்ட காலையில அக்கா கை நின்னுச்சு. அதே நேரத்துல, அடுப்பாங்கரையில கவுத்தி வச்சிருந்த அந்தச் செம்பு நடுங்க ஆரம்பிச்சுச்சு. ராக்குக்குத் தண்ணி மோந்த அதே செம்பு. அக்கா அதை ஒரு பார்வை பார்த்துட்டு, சரி, இங்க வந்து உக்காந்துக்கிட்டயான்னு கேட்டுட்டு வேலைக்குப் போயிருச்சு. தவசி நூறு எண்ணுனான், இருநூறு எண்ணுனான், ஒரு சொட்டு சிந்தல.

ஒரு வாரத்துல ஊரே இப்படி ஆச்சு. எந்த வீட்டு நடுக்கம் எந்தச் சாமான்ல போய் உக்காரும்னு சொல்ல முடியாது. மாரீசுவரி வீட்டுல தொட்டில் கம்புல உக்காந்துச்சு, பிள்ளையை யாரும் ஆட்ட வேண்டியதில்ல. சண்முகத்தாய் வீட்டுல சுளகுல உக்காந்துச்சு, அரிசியைத் தட்டி வச்சாப் போதும், அதுவே புடைச்சு நொய்யைத் தனியா ஒதுக்கிரும். இன்னொரு வீட்டுல மாவுச் சல்லடை, இன்னொரு வீட்டுல மோர்ப் பானை. உங்க வீட்டு நடுக்கம் சும்மாதானே கெடக்கு, ஒரு நாளைக்கு எங்க வீட்டுக்கு அனுப்பு மதினி, மாவு சலிக்கணும்னு கேட்டு வாங்கிட்டுப் போனாக. பொண்ணு பார்க்க வந்தவுக, படிப்பு என்ன, நகை என்னன்னு கேட்டுட்டு, நடுக்கம் எந்தச் சாமான்லன்னு கேட்டாக. வீடு வீடா விவரம் எழுத வந்த ஆபீசர் நடுக்கத்தை எந்தக் கட்டத்துல எழுதுறதுன்னு தெரியாம ரொம்ப நேரம் யோசிச்சு, வீட்டு உபயோகப் பொருள்ல சேர்த்துட்டுப் போனாரு. இப்படி ஒரு அதிசயம் எங்களுக்கு ஒரு மாசத்துல பழகிப்போச்சு.

பதினஞ்சு நாள் முடிஞ்சுச்சு. பதினாறாம் நாள் சாயங்காலம் அக்கா கடை வாசல்ல வந்து நிக்குது. கை லேசா ஆடுது, அங்க வீட்டுல செம்பு ஆடாம நிக்குதாம். நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் குடுடான்னு கேட்டுச்சு. என்னை இடுப்புல தூக்கித் திரிஞ்ச கை அது. நான் குடுத்தேன். அக்காவுக்குக் குடுத்துட்டு மாரீசுவரிக்கு இல்லைன்னு எப்படிச் சொல்ல? அவளுக்கும் குடுத்தேன். டாக்டரம்மாவை அந்த மாசமே வேற ஊருக்கு மாத்திட்டாக. அவுக எழுதுன சீட்டு மடிப்பு மடிப்பா கிழிய ஆரம்பிச்சதும், பொம்பளைக எல்லாம் ஜெராக்ஸ் கடைக்குப் போய் அதை லேமினேசன் பண்ணிட்டாக. பதினஞ்சு நாள் சீட்டு, பள பளன்னு, வெயிலுக்கும் மழைக்கும் அசராம, சாமி படத்துக்குப் பக்கத்துல ஆணியில தொங்குச்சு. அதுல என்ன எழுதியிருக்குன்னு ஊர்ல யாருக்கும் வாசிக்கத் தெரியாது, டாக்டர் எழுத்து. எனக்குத் தெரியும்.

அந்த நடுக்கம் சும்மா இருக்குமா, அது வளர்ந்துச்சு. நாலு மாசத்துல அக்கா வீட்டுச் செம்பு விளிம்போட விரிஞ்சுபோச்சு. காலையில போட்ட மாத்திரை மத்தியானத்துக்கு மேல தாங்கல, இன்னொண்ணு கேட்டுச்சு. குடுத்தேன். நடுக்கம் குடத்துக்கு மாறுச்சு. குடம் பத்தலை, அண்டாவுக்கு மாறுச்சு, அப்ப மூணு மாத்திரை. ரெண்டாம் வருஷக் கடைசியில அண்டாவும் கிழிஞ்சு, வீட்டுக்குப் பின்னால இருந்த சிமிண்டுத் தொட்டியில போய் உக்காந்துச்சு. ஆளு முங்குற தொட்டி. அதுல தண்ணி ராப்பகலா அலையடிச்சுக்கிட்டே கெடந்துச்சு, துணி ஊறப் போட்டா அதுவே துவைச்சிரும். அக்கம்பக்கத்துப் பொம்பளைக வாளியைத் தூக்கிட்டு வந்து வரிசையில நின்னாக. யாருக்கும் அது தப்பாத் தெரியல. எனக்குத் தெரிஞ்சுச்சு, ஆனா நான் கடையைத் திறந்து வச்சிருந்தேன்.

பயம் மட்டும் போனாப் பரவாயில்லையே. அக்காவுக்கு அழுகையும் போச்சு, சிரிப்பும் போச்சு, உப்புப் போட்டோமா போடலையான்னு ஞாபகமும் போச்சு. பேசிக்கிட்டே இருக்கையில பாதியில நின்னு சுவத்தைப் பார்க்கும். மூணாம் வருஷத் திதிக்கு ராக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். படத்துக்கு மாலை போட்டிருந்தாக, ராக்கோட புருஷன் தேம்பி அழுதுக்கிட்டிருந்தான். அக்கா இலையில உக்காந்து, பக்கத்துல இருந்தவளைத் திரும்பிப் பார்த்து, "யாருக்குத் திதி?"ன்னு கேட்டுச்சு.

மறுநாளே பஸ் ஏறி, நாலு ஊர் விசாரிச்சு, டாக்டரம்மாவைக் கண்டுபிடிச்சேன். திட்டுவாகன்னு நினைச்சேன், திட்டல. எத்தனை மாத்திரைன்னு கேட்டாக, இப்ப எந்தப் பாத்திரம்னு கேட்டாக. சிமிண்டுத் தொட்டின்னதும் நாற்காலியை எனக்குப் பக்கத்துல இழுத்துப் போட்டாக. அப்புறம் சொன்னாக:

"ஒரே நாள்ல மட்டும் நிறுத்திடாதீங்க. தொட்டியில இருக்கிறது அத்தனையும் ஒரே நேரத்துல அவங்க உடம்புக்குள்ள திரும்பி வரும். வலிப்பு வரும், உயிரே போகலாம். தம்ளர் தம்ளரா மோந்து குறைக்கணும், மாசக்கணக்கா ஆகும். அவங்களைக் கூட்டிட்டு வாங்க, நான் பக்கத்துல இருந்து பார்க்கிறேன்."

அக்காவைக் கூட்டிட்டுப் போனேன், பயந்துரும்னு வலிப்பு, உயிர்ங்கிற பேச்சை மட்டும் அது காதுக்குப் போகாமப் பார்த்துக்கிட்டேன். அவுக புதுச் சீட்டு எழுதிக் குடுத்தபடி கால் மாத்திரை, கால் மாத்திரையாக் குறைச்சோம். மாத்திரையை பிளேடால வெட்டித் தாள்ல மடிச்சு நானே கொண்டுபோய்க் குடுப்பேன். மூணு வாரத்துல தொட்டியில அலை ஒரு விரக்கடை இறங்குச்சு. இறங்குன அளவுக்கு அக்கா கைக்கு நடுக்கம் வந்துச்சு. தவசி தம்ளர்ல நாலு சொட்டு சிந்துச்சு, அவன் வீட்டுக்குப் போகச் சொன்னான், அக்கா போய்த் தாள்க்குழாய் சுத்துச்சு, அதுக்குக் கை ஆடினாலும் பாதகமில்ல. ஒரு நாள் மத்தியானம் கடைப் படியில வந்து உக்காந்து, ராக்குக்குப் பச்சை வளையல்னா உசுரு, நான் ஒரு செம்பு தண்ணி குடுக்கலையேடான்னு சொல்லி, ஓன்னு அழுதுச்சு. மூணு வருஷம் கழிச்சு எங்கக்கா அழுதுச்சு. எனக்கு அவ்வளவு சந்தோசம், உள்ள போய் நின்னு நானும் அழுதேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் பங்குனிப் பொங்கல் வந்துச்சு. அம்மனுக்குக் காப்புக் கட்டிட்டா எட்டு நாளைக்கு ஊரே சுத்தபத்தமா இருக்கணும், கறி இல்ல, சாராயம் இல்ல, வெளியூர்த் தங்கல் இல்ல. காப்புக்கு முந்தின ஞாயித்துக்கிழமை ஊர்க்கூட்டம் போட்டாக. எல்லாருக்கும் மனசுல ஒரு புழுக்கம் இருந்துச்சு. நடுக்கம் முத்திப்போய் ரெண்டு வீட்டுச் சுவர் விரிஞ்சிருந்துச்சு, கோயில் மணி ஆளில்லாம ஆட ஆரம்பிச்சிருந்துச்சு, பக்கத்து ஊர்க்காரன் எங்களை நடுக்கம்பட்டின்னு கேலி பேசுனான், நாட்டாமை மகளுக்கு வந்த சம்பந்தம் தொட்டில் ஆடுறதைப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிருந்துச்சு. நாட்டாமை எந்திரிச்சு, இந்த வருஷம் காப்புக் கட்டுற கை மாத்திரையைத் தொடக்கூடாது, சாராயத்தை விடுறாப்புல இதையும் ஆத்தா காலடியில வச்சு விட்ருவோம்னு சொன்னாரு. பூசாரி ஆமான்னாரு. ஆளுக கையைத் தட்டுனாக. நல்லெண்ணத்துலதான் சொன்னாக, ஒருத்தர் மனசுலயும் விஷம் இல்ல.

நான் எந்திரிச்சேன். சட்டுனு விடக்கூடாது, கொஞ்சம் கொஞ்சமாத்தான் விடணும்னு ஆரம்பிச்சேன். போர்மேன் தவசி உக்காந்த இடத்துல இருந்தே கேட்டான்: "அப்ப மூணு வருஷமா கேட்ட உடனே எதுக்குய்யா குடுத்தே?"

கூட்டம் பூராவும் என்னைத் திரும்பிப் பார்த்துச்சு. சீட்டுல பதினஞ்சு நாளைக்கு மட்டும்னுதான் எழுதியிருக்கு, எனக்கு வாசிக்கத் தெரியும், டாக்டரம்மா வாயாலயும் சொன்னாக, உயிரே போகும்னும் சொன்னாக, இதைச் சொன்னாப் போதும். அதைச் சொன்னா நான் இந்த ஊர்ல தலை நிமிர்ந்து நடக்க முடியாது. நான் உக்காந்துட்டேன்.

காப்புக் கட்டுன அன்னைக்கு பூசாரி பெரிய தாம்பாளத்தை ஆத்தா முன்னாடி வச்சாரு, பொம்பளைக வரிசையா வந்து மாத்திரை அட்டையை அதுல போட்டாக, மேல மஞ்சத்தண்ணி தெளிச்சாக. அக்காவும் போட்டுச்சு. ராக்குக்காக அக்கா தீச்சட்டி நேர்ந்திருந்துச்சு. அன்னைக்கே நான் பின்னாலயே ஓடி, தாள்ல மடிச்ச கால் மாத்திரைகளை நீட்டுனேன். அக்கா மஞ்சள் கயிறு கட்டுன கையைப் பின்னால வச்சுக்கிட்டுச் சொல்லுச்சு:

"கூட்டத்துல நீ எந்திரிச்சும் ஒண்ணும் சொல்லாம உக்காந்துட்டியே தம்பி. ஆபத்துன்னா சொல்லியிருப்பேல்ல?"

அதுக்கு ஒரு பதில் இருந்துச்சு. நான் தாளை மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

ரெண்டாம் நாள் சுளகு நின்னுச்சு. மூணாம் நாள் தொட்டில் நின்னுச்சு, ஊர்ப் பிள்ளைக எல்லாம் ஒரே நேரத்துல வீறிட்டு அழுதுச்சு, அம்மாக்காரிகளுக்கு ஆட்டவே மறந்துபோயிருந்துச்சு. நாலாம் நாள் அக்கா வீட்டுச் சிமிண்டுத் தொட்டியில அலை நின்னுச்சு. தண்ணி கண்ணாடி மாதிரிக் கெடந்துச்சு. ஊரே வந்து எட்டிப் பார்த்து, தன் முகத்தை அதுல பார்த்து, ஆத்தா கண்ணைத் திறந்துட்டான்னு குலவை போட்டுச்சு. நான் அக்கா முகத்தைப் பார்த்தேன். மூணு நாளாத் தூக்கமில்ல, வேர்த்துக் கொட்டுது, தோலுக்குள்ள எறும்பு ஊர்ற மாதிரி கையைச் சொறியுது, குலவைச் சத்தத்துக்குக் காதைப் பொத்துது. தொட்டியை விட்டுக் கிளம்புனது எங்க வந்துக்கிட்டிருக்குன்னு எனக்குத் தெரிஞ்சுச்சு. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாங்கன்னு கத்துனாக. அக்காகிட்டப் போய் நின்னேன், விடிஞ்சாத் தீச்சட்டி, முடிச்சுட்டு வர்றேன்னு சொல்லிருச்சு. கையைப் பிடிச்சு இழுத்திருக்கணும். சபையில வாயில்லாதவனுக்குக் கையும் வரல.

அஞ்சாம் நாள் காலை பத்து மணி இருக்கும், நல்ல வெயில், மேளம் அடிச்சு ஊரைச் சுத்தி வந்து கோயில் முன்னால நிக்கிறோம். அக்கா கையில தீச்சட்டி, வேப்பிலைக்கு மேல கனகனன்னு நெருப்பு. முதல்ல விரல் ஆடுச்சு, அப்புறம் தோள் ஆடுச்சு, அப்புறம் மூணு வருஷம், செம்பும் குடமும் அண்டாவும் தொட்டியும், அத்தனையும் ஒண்ணாச் சேர்ந்து எங்கக்கா உடம்புக்குள்ள நுழைஞ்சுச்சு. சட்டி விழுந்து நெருப்புச் சிதறுச்சு. பூசாரி வேப்பிலையோட ஓடி வந்து, வந்திருக்கிறது யாரு தாயீன்னு கேட்டாரு. பொம்பளைக குலவை போட்டாக. நாட்டாமை கும்பிட்டுக்கிட்டு, ஆத்தா, மழை எப்பன்னு கேட்டாரு. அக்கா விழுந்து மண்ணுல அடிச்சுக்கிட்டு வெட்டுது, வாயில நுரை தள்ளுது, ஊரு பக்தியோட மஞ்சத்தண்ணியை மேல ஊத்திக்கிட்டு நல்ல வாக்குக்குக் காத்து நிக்குது. மேளக்காரன் இன்னும் வேகமா அடிக்கிறான்.

நான் உள்ள பாய்ஞ்சேன். சாமி வந்த ஆளைத் தொடாதேன்னு நாலு பேர் என்னைக் கட்டிப் பிடிச்சாக. அப்பத்தான் எனக்கு வாய் திறந்துச்சு.

"சாமி இல்லய்யா, வலிப்பு! சீட்டுல பதினஞ்சு நாளைக்கு மட்டும்னு எழுதியிருக்கு. மூணு வருஷமா எனக்குத் தெரியும். சட்டுனு விட்டாச் செத்துப்போவாகன்னும் தெரியும். நான்தான் சொல்லல!"

மேளம் நின்னுச்சு. குலவை முன்வரிசையில நின்னு, நடுவுல நின்னு, கடைசி வரிசை வரைக்கும் ஒவ்வொண்ணா நின்னுச்சு. அந்த அமைதியில பார்த்தா, மாரீசுவரி கை ஆடுது, சண்முகத்தாய் தாடை ஆடுது, இன்னும் பத்திருபது பேர் நின்ன இடத்துல நடுங்கிக்கிட்டிருக்காக. தவசிதான் முதல்ல அசைஞ்சான், பட்டாசு ஆபீஸ் வேனை எடுத்துட்டு வந்தான். அக்காவையும் நடுங்குனவுகளையும் ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மத்தவுக பிழைச்சுக்கிட்டாக, அவுகளுக்குச் சுளகும் சல்லடையும் அளவுதான். எங்கக்காவுக்குத் தொட்டி. டவுன் எல்லைக்குள்ள நுழையறப்ப அக்கா கை என் கையில இருந்துச்சு, வெட்டுறது நின்னுருந்துச்சு. அப்படி ஒரு நிலையான கை. தம்ளரை வச்சு நூறு எண்ணினாலும் சிந்தாது.

எடுத்து அடக்கம் பண்ணிட்டு வந்த பிறகு, உடம்பு இல்லாத அந்த நடுக்கம் அக்கா வீட்டுல இடம் தேடி அலைஞ்சுச்சு. அண்டா ஒரு தரம் ஆடும், நிக்கும். குடம் ஆடும், நிக்கும். கதவுத் தாப்பாள் ஆடும். மூணு நாள் பொறுத்துப் பார்த்தேன், மனசு கேட்கல. நாலாம் நாள் காலையில போய் அடுப்பாங்கரையில உக்காந்து, அக்கா இல்ல, நான் தம்பி, என் கைக்கு வான்னு சொன்னேன். வந்துருச்சு.

டாக்டரம்மா இப்ப வாரம் ஒரு தடவை எங்க ஊருக்கே வந்து, ஒவ்வொருத்திக்கும் கால் கால் மாத்திரையாக் குறைக்கிறாக. வெட்டிக் குடுக்குறது தவசி, என் கைக்கு பிளேடு பிடிக்க வராது. ஊர்ல என்னை யாரும் அடிக்கல, ஒதுக்கல. அதைச் செஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். எனக்கும் ஏதாவது எழுதித் தரட்டுமான்னு டாக்டரம்மா கேட்டாக, வேண்டாம்னுட்டேன்.

தினமும் காலையில விளிம்பு விரிஞ்ச அந்தச் செம்புல தண்ணி மோந்துக்கிட்டு, ஊரைக் கடந்து, பதினாலாம் நம்பர் ஷெட்டு இருந்த இடம் வரைக்கும் நடக்குறேன். ராக்கு கேட்ட தண்ணி. வழி பூராவும் சிந்தும், போய்ச் சேர்றப்ப அடியில ஒரு வாய் இருக்கும், அதை அங்க ஊத்திட்டுத் திரும்புவேன். எதிர்ல வர்ற வெளியூர்க்காரக கை ஏன் இப்படி ஆடுதுன்னு கேட்பாக. நின்னு, முழுசாச் சொல்லிட்டுத்தான் போறேன்: சீட்டுல எழுதியிருந்துச்சு, ஊர்ல எனக்கு மட்டும்தான் வாசிக்கத் தெரியும்.